ஓய்வு, இயக்கம்: யாரைச் சார்ந்து?

உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மூதூர் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் படகில் வரும்போது கரை நகர்வதாகத் தெரிகிறது. அது வெறும் தோற்றம் என்று ஒருவர் விளக்கியிருக்கிறார், பாடநூலோ இயக்கம் சார்பானது என்கிறது. இரண்டில் எது சரி? பூமி மணிக்கு 1,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மைக் கொண்டு செல்கிறது என்றால் நாம் ஏன் அதை உணர்வதில்லை? எல்லாமே சார்பு என்றால், சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று சொல்வதில் என்ன பிழை? மூன்றாவது கேள்வி பலரும் கேட்கத் தயங்குகின்ற கேள்வி. அதைக் கேட்டதற்காகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பொருள் ஓய்வில் இருக்கிறது என்றோ சீரான வேகத்தில் இயங்குகிறது என்றோ சொல்லும்போது, எதைச் சார்ந்து என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தக் கூற்று முழுமை பெறாது. படகில் இருப்பவரைச் சார்ந்து கரை பின்னோக்கிச் செல்வது தோற்றமயக்கம் அன்று. அந்த வேகத்தை அளக்கலாம். அளந்த பெறுமானத்தைக் கொண்டு இறங்குதுறை எப்போது நம்மை வந்தடையும் என்று கணக்கிடலாம். விடை, கரையில் நிற்பவர் கணக்கிடும் விடையோடு அப்படியே பொருந்தும். கரையில் நிற்பவர் காண்பதுதான் உண்மை, படகில் இருப்பவருக்கு "அப்படித் தெரிகிறது" என்று பிரித்துப் பேசுவதற்கு இயற்கையில் எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும் இதிலிருந்து எல்லா இயக்கமும் சார்பானது என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. வேகம் சார்பானது, ஆனால் வேகம் மாறுவதும் சுழல்வதும் அதே பொருளில் சார்பானவை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

நோக்குபவர் ஒருவர் தம்மோடு ஓர் அளவுகோலையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, எது எங்கே எப்போது நிகழ்ந்தது என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டையே சட்டகம் என்கிறோம். கரைக்கு ஒரு சட்டகம், படகுக்கு ஒரு சட்டகம், படகில் முன்னும் பின்னும் நடப்பவருக்கு இன்னொன்று.

கடல் அமைதியாக இருக்கும் நாளில், செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் நேராகச் செல்லும் படகில் ஒருவர் நின்றபடி, 1.8 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு தேசிக்காயைக் கைவிடுகிறார் என்று கொள்வோம். அது 0.6 செக்கனில் அவருடைய காலடியில் விழுகிறது. அவர் கண்டது ஒரு நிலைக்குத்துக் கோடு. இறங்குதுறையில் நின்று பார்ப்பவருக்கோ அந்தத் தேசிக்காய் கையை விட்ட கணத்திலேயே செக்கனுக்கு 5 மீற்றர் முன்னோக்கிய வேகம் கொண்டிருந்தது. விழுவதற்குள் அது 3 மீற்றர் முன்னே சென்றுவிட்டது. அதன் பாதை ஒரு பரவளைவு. பாதை நேர்கோடா, வளைகோடா என்பதில் இருவரும் உடன்படமாட்டார்கள். உடன்பட வேண்டியதும் இல்லை. ஆனால் விழ எடுத்த நேரம், காலடியில் விழுந்தது என்ற நிகழ்வு, கீழ்நோக்கிய ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர் என்பது ஆகிய மூன்றிலும் இருவருக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. ஆர்முடுகல் இரு சட்டகங்களிலும் ஒன்றாக இருப்பதால், விசைக்கும் ஆர்முடுகலுக்கும் உள்ள தொடர்பாகிய நியூற்றனின் விதியும் இரண்டிலும் ஒரே வடிவில் நிற்கிறது. படகுக்குள்ளே மட்டும் செய்யப்படும் எந்தப் பரிசோதனையாலும் அந்தப் படகு நிற்கிறதா, சீராகச் செல்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாமற்போவதன் காரணம் இதுவே.

கலிலியோ 1632 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் கப்பலின் மூடிய அறை ஒன்றை வைத்து விளக்கினார். அந்த அறையில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளும், தொட்டியில் நீந்தும் மீன்களும், மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து சொட்டும் நீரும், கப்பல் நின்றாலும் சீராகச் சென்றாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பது அவருடைய வாதம். 1640 இல் கசெண்டி என்ற பிரெஞ்சு அறிஞர் மார்சேய் துறைமுகத்தில் ஓடும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து குண்டுகளைக் கைவிட்டு, அவை பாய்மரத்தின் அடியிலேயே விழுவதைக் காட்டினார்.

இதற்கு மிக முன்பே படகு உதாரணத்தைக் கையாண்டவர் இந்திய வானியலாளர் ஆரியபட்டர். கி.பி. 499 ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில், முன்னோக்கிச் செல்லும் படகில் இருப்பவர் அசையாத பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகக் காண்பது போல, அசையாத விண்மீன்கள் லங்கையில் நேர் மேற்காகச் செல்வதாகக் காணப்படுகின்றன என்கிறார். இங்கே லங்கை என்று அவர் குறிப்பது நமது தீவை அன்று. மத்திய இந்திய நகரான உஜ்ஜயினியின் நெடுங்கோடு நிலநடுக்கோட்டை வெட்டும் கணிதப் புள்ளியை. இதை நம்மவர் பலர் பெருமையோடு தவறாக மேற்கோள் காட்டுவதால் குறிப்பிடுகிறேன். அவருக்குப் பின் வந்த பிரமகுப்தர், பூமி சுழல்வதானால் உயரத்தில் உள்ளவை ஏன் விழுவதில்லை என்று மறுத்தார். அக்காலத்தில் அது நியாயமான மறுப்பே. கீழே உள்ள தளம் நகர்ந்தால் மேலே உள்ளது பின்தங்கிவிடும் என்ற எண்ணத்தைத் தகர்க்க, இயங்கும் பொருள் தன் வேகத்தைத் தானாகவே தக்கவைத்துக்கொள்ளும் என்ற சடத்துவக் கருத்து வேண்டியிருந்தது. அது தெளிவாக உருப்பெற ஆயிரம் ஆண்டுகள் சென்றன.

இனி, வகுப்பறைகளில் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் ஓர் இடத்துக்கு வருகிறேன். வேகம் சார்பானது என்றால் இயக்கசக்தியும் சார்பானதாகத்தான் இருக்க வேண்டும். அதே படகில் 50 கிராம் திணிவுள்ள அந்தத் தேசிக்காயை, படகைச் சார்ந்து செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் முன்னோக்கி எறிவோம். படகுச் சட்டகத்தில் அதன் இயக்கசக்தி பூச்சியத்திலிருந்து 0.625 யூல் ஆக உயர்கிறது. கரைச் சட்டகத்திலோ அதன் வேகம் 5 இலிருந்து 10 ஆகிறது, இயக்கசக்தி 0.625 இலிருந்து 2.5 யூல் ஆகிறது, ஏற்றம் 1.875 யூல், அதாவது மூன்று மடங்கு. எறிந்தவரின் தசை செலவிட்டது ஒரே அளவு சக்திதான். அப்படியானால் மிகுதி 1.25 யூல் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியில் தடுமாறும் மாணவர்களை நான் மதிக்கிறேன், ஏனெனில் தடுமாறுபவர்கள்தாம் கணக்கை முழுமையாகப் பார்க்க முயல்பவர்கள். விடை படகிலேயே இருக்கிறது. தேசிக்காயை முன்னே தள்ளுபவர் தம் காலால் படகைப் பின்னே தள்ளுகிறார். தேசிக்காய் பெற்ற உந்தம், அதாவது திணிவு × வேகம், 0.05 × 5 = 0.25 அலகு, அதே அளவு உந்தத்தைப் படகு இழக்கிறது. கரைச் சட்டகத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் செல்லும் படகு 0.25 அலகு உந்தத்தை இழந்தால், அது இழக்கும் இயக்கசக்தி 0.25 × 5 = 1.25 யூல். தசையிலிருந்து 0.625, படகிலிருந்து 1.25, கூட்டினால் 1.875. படகுச் சட்டகத்தில் படகு ஓய்வில் இருப்பதால் அதன் இயக்கசக்தியில் ஏற்படும் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையற்ற அளவுக்குச் சிறியது. ஆக, சக்தியின் பெறுமானம் சட்டகத்துக்குச் சட்டகம் வேறுபடுகிறது. சக்தி காக்கப்படும் என்ற விதி எந்தச் சட்டகத்திலும் குலைவதில்லை. ஒரு கணக்கைத் தொடங்கிய பின் இடையில் சட்டகத்தை மாற்றி, ஒரு பெறுமானத்தைக் கரையிலிருந்தும் இன்னொன்றைப் படகிலிருந்தும் எடுத்துக் கலப்பவர்களுக்கே கணக்குப் பிழைக்கும்.

சட்டகத்தை நாமே தெரிவுசெய்யலாம் என்பது கடலோடிகளுக்கு உயிர் காக்கும் அறிவாகவும் இருக்கிறது. நம் படகு கிழக்கே செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் செல்கிறது. இன்னொரு படகு நமக்கு 800 மீற்றர் கிழக்கிலும் 600 மீற்றர் தெற்கிலும் இருந்து, வடக்கு நோக்கிச் செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் வருகிறது. இரண்டும் வெவ்வேறு திசைகளில் செல்கின்றனவே என்று எண்ணத் தோன்றும். நம் படகை ஓய்வில் நிறுத்தி, மற்றதன் சார்பு வேகத்தைக் காணுங்கள்: மேற்கே 4, வடக்கே 3, விளையுள் 5. இந்த வேகத்தின் திசை நம்மையே நோக்கியிருக்கிறது. இடைத்தூரம் 1,000 மீற்றர். 200 செக்கனில் மோதல். நம் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? 100 செக்கன் கழித்து அது 400 மீற்றர் கிழக்கிலும் 300 மீற்றர் தெற்கிலும் இருக்கும். அதாவது தெரியும் திசை இம்மியும் மாறாமல் உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வரும். நெருங்கிவரும் கலம் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதும் ஆபத்து உண்டெனக் கொள்ள வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள் கூறுகின்றன. சார்பு வேகக் கணக்குகளைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்பவர்கள், துறைமுக வாயிலில் ஒருமுறை நின்று கலங்களைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த அத்தியாயம் மறக்காது.

இனி இரண்டாம் கேள்வி. நம் உடலுக்கு வேகத்தை உணரும் புலன் இல்லை. உட்காதிலுள்ள அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சி மாறுவதை உணர்கின்றன. அவற்றை ஒட்டி, நுண்ணிய சுண்ணாம்புத் துணிக்கைகளைக் கொண்ட இரு பைகள் நேர்கோட்டு ஆர்முடுகலையும் சாய்வையும் உணர்கின்றன. கல்லோயாச் சந்தியில் அருகருகே இரு புகையிரதங்கள் நிற்கையில் ஒன்று மெல்ல நகரத் தொடங்கினால், எது நகர்கிறது என்று கணநேரம் குழம்புவதற்குக் காரணம், அந்த ஆர்முடுகல் காதுக்கு எட்டாத அளவு சிறியதாக இருப்பதே. வாடைக் காலத்தில் குடா கொந்தளிக்கும்போது படகின் உள்ளே தலைகுனிந்து அமர்ந்திருப்பவருக்கு வயிற்றைப் புரட்டுவதற்கும் இதுவே காரணம்: கண், படகுச் சட்டகத்தில் எதுவும் அசையவில்லை என்கிறது, காது, ஆர்முடுகல் இருக்கிறது என்கிறது. தொடுவானத்தைப் பார்த்தபடி இருந்தால் இரண்டு செய்திகளும் ஓரளவு ஒன்றுபடும்.

திருகோணமலை ஏறத்தாழ 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. இங்கே பூமியின் சுழற்சியால் நமக்குள்ள வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர், மணிக்கு 1,656 கிலோமீற்றர். வேகம் பெரிது, ஆனால் அதன் திசை ஒரு முழு நாளில்தான் ஒருமுறை சுற்றித் திரும்புகிறது. ஆகவே அதன் ஆர்முடுகல் 0.034 மட்டுமே, புவியீர்ப்பு ஆர்முடுகலின் ஏறத்தாழ 290 இல் ஒரு பங்கு. அதுவும் எப்போதும் மாறாமல் இருப்பதால், நம் நிறையில் ஏற்படும் மிகச் சிறிய குறைவாக ஒடுங்கிவிடுகிறது. காற்றும் கடலும் கட்டடங்களும் நம்மோடு ஒரே வேகத்தில் வருவதால், முகத்தில் மோதவும் எதுவும் இல்லை.

உணர முடியாவிட்டாலும் அளக்க முடியும். வேகத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 1851 இல் ஃபூக்கோ பரிஸ் நகரின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீற்றர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஊசலாட்டினார். ஊசலின் தளம் தரையைச் சார்ந்து மெல்லத் திரும்பி, 32 மணித்தியாலங்களில் ஒரு முழுச் சுற்றை முடிக்கும் வீதத்தில் நகர்ந்தது. இந்தக் காலம் அகலக்கோட்டின் சைனுக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும். கோணேசர் கோயில் குன்றில் அப்படி ஓர் ஊசலைத் தொங்கவிட்டால் அதன் தளம் மணித்தியாலத்துக்கு 2.2 பாகைதான் திரும்பும். முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 160 மணித்தியாலங்கள், அதாவது ஆறே முக்கால் நாள்களுக்குச் சற்றுக் குறைவு. வெளியே எதையும் பாராமல், நாலு சுவருக்குள், விண்மீன் ஒன்றைக் கூடக் காணாமல், பூமி சுழல்கிறது என்று இந்த ஊசல் சொல்லிவிடுகிறது. சீராகச் செல்லும் படகின் வேகத்தை அப்படிச் சொல்ல எந்தக் கருவியாலும் ஆகாது.

நம் கரையோரம் இதைப் புயலின் வடிவில் கண்டிருக்கிறது. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்த புரெவியின் காற்று, வட அரைக்கோளத்துப் புயல்கள் எல்லாவற்றையும் போல, இடஞ்சுழியாகச் சுழன்றது. தாழமுக்க மையத்தை நோக்கி ஓடும் காற்று, பூமியோடு சுழலும் நம் சட்டகத்தில் வலப்புறம் விலகுகிறது. அந்த விலகலைக் கணக்கில் கொள்ள நாம் கொரியோலி விசை என்ற ஒன்றைச் சேர்க்கிறோம். சுழலாத சட்டகத்திலிருந்து பார்ப்பவருக்கு அப்படி ஒரு விசை தேவையில்லை. காற்று தன் போக்கில் செல்ல, அடியிலுள்ள பூமி திரும்புவதை அவர் காண்பார்.

இப்போது மூன்றாம் கேள்விக்கு நேராக விடை சொல்லலாம். சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே விழுகிறது என்று பூமியின் சட்டகத்திலிருந்து விவரிப்பது பிழையன்று. பஞ்சாங்கக் கணிப்பும் தொழுகை நேரக் கணிப்பும் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் அந்தச் சட்டகம் சுழலும் சட்டகம். அதில் சூரியன் செக்கனுக்கு ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர் வேகத்தில் சுற்ற வேண்டும். மிக அருகிலுள்ள விண்மீன் கூட ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். இவற்றை வட்டப் பாதையில் வைத்திருக்க, எந்தப் பொருளிலிருந்தும் புறப்படாத விசைகளைக் கணக்கில் திணிக்க வேண்டும். சுழலாமலும் ஆர்முடுகாமலும் இருக்கும் சடத்துவச் சட்டகத்தில் இவை ஒன்றும் தேவையில்லை. ஆகவே இரண்டு விவரிப்புகளும் செய்யத்தக்கவை, ஆனால் அவை சமமானவை அல்ல.

ஆண்டுச் சுற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். சூரியனின் திணிவு பூமியைப் போல் ஏறத்தாழ 333,000 மடங்கு. இரண்டும் தம் பொதுத் திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையம் சூரியனின் நடுவிலிருந்து 450 கிலோமீற்றர் தொலைவில், சூரியனுக்குள்ளேயே ஆழத்தில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமாகிய செக்கனுக்கு 30 கிலோமீற்றரை நாம் உணராததற்குக் காரணம், நாமும் பூமியும் சேர்ந்து சூரியனை நோக்கி ஒரே ஆர்முடுகலோடு தடையின்றி விழுந்துகொண்டிருப்பதே. ஆனால் விண்மீன்களின் இடம் ஆண்டுதோறும் 20.5 வில்விகலை (ஒரு வில்விகலை என்பது பாகையின் 3,600 இல் ஒரு பங்கு) அளவு முன்பின் ஆடுவதை ஆங்கில வானியலாளர் பிராட்லி 1720களின் இறுதியில் கண்டறிந்தார். அது பூமியின் வேகம் ஆண்டுக்குள் திசைமாறுவதன் நேரடிச் சுவடு.

ஒளியைப் பற்றியும் சொல்லாவிட்டால் பதில் குறையுடையதாகிவிடும். படகின் வேகத்தோடு எறிந்த பொருளின் வேகத்தை நேரடியாகக் கூட்டினோம். ஒளிக்கு அந்தக் கூட்டல் செல்லாது. 1887 இல் மைக்கல்சனும் மோர்லியும் பூமியின் இயக்கத்தால் ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுகிறதா என்று தேடி, மாற்றம் எதையும் காணவில்லை. எல்லாச் சடத்துவச் சட்டகங்களிலும் ஒளியின் வேகம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர்தான் என்பதை 1905 இல் ஐன்ஸ்டைன் அடிப்படையாக எடுத்துக்கொண்டபோது, சட்டகத்துக்குச் சட்டகம் மாற வேண்டியவை நீளமும் நேரமும் என்று ஆகிவிட்டது. நான் மேலே, விழ எடுத்த நேரம் இருவருக்கும் ஒன்றே என்று எழுதியது, படகின் வேகத்தில் வேறுபாட்டை அளவிட முடியாத அளவுக்குத் துல்லியமான கூற்று. ஆனால் முற்றிலும் துல்லியமானது அன்று.

அந்தச் சிறு வேறுபாடு பலநாள் மீன்பிடிப் படகுகளில் உள்ள ஜிபிஎஸ் கருவியில் பெரிதாகிறது. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 3.9 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் செய்மதிகளின் கடிகாரங்கள், வேகத்தின் காரணமாக நாளொன்றுக்கு 7 மைக்கிரோசெக்கன் பின்தங்கி, அங்கே ஈர்ப்புக் குறைவாக இருப்பதன் காரணமாக 45 மைக்கிரோசெக்கன் முந்துகின்றன; நிகரமாக 38 மைக்கிரோசெக்கன் முந்துகை. அந்த இடைவெளியில் ஒளி 11 கிலோமீற்றருக்கு மேல் சென்றுவிடும் என்பதால், அது முன்கூட்டியே திருத்தப்படுகிறது. இன்னொரு திருத்தமும் உண்டு. சமிக்ஞை செய்மதியிலிருந்து கீழே வர ஏறத்தாழ 0.07 செக்கன் ஆகிறது. அதற்குள் திருகோணமலை, துறைமுகத்தோடும் படகோடும், சுழலாத சட்டகத்தில் 30 மீற்றருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. எனவே கருவி ஒளியின் பயணத்தைப் பூமியின் மையத்தில் நிலைகொண்ட, சுழலாத சட்டகத்தில் கணக்கிட்டு, பின்னர் அந்த விடையைப் பூமியோடு சுழலும் சட்டகத்துக்கு மாற்றியே அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் திரையில் காட்டுகிறது.